வாயில் வைக்காத புளியோதரை

கடற்கரைச் சாலையில் இப்போது நடைபெறும் உணவுத் திருவிழாக்களில் ஒரு புதிய சடங்கு சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் மேடையேறி, தாம் சமைத்ததில் ஒரு கவளத்தைத் தாமே உண்டு காட்டுகிறார். கீழே நிற்பவர்கள் அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, நம்பிக்கையோடு வரிசையில் போய் நிற்கிறார்கள். மேடைக்கு வந்த தட்டும் கடையில் விற்கும் சோறும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டவைதானா என்று ஒருவரும் கேட்பதில்லை. சென்ற விழாவில் நான் கேட்டேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் எனக்குப் பின் வந்த இளைய அலுவலர்கள் சிரித்துவிட்டார்கள்.

“ரிட்டயர் ஆகியும் விட மாட்டீங்களா சார்? கோயில்ல குடுக்கற தீர்த்தத்தையும் பாட்டில்ல புடிச்சு சீல் வெப்பீங்க போல” என்றார் ஒரு பெண் அலுவலர். பிறகு, “அந்தப் புளியோதரை கேஸை எழுதிக் குடுங்க சார். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க” என்றும் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதுகிறேன்.

விடியற்காலையில் பாசுரங்களை ஓதி, எல்லாம் அவன் செயல் என்று மனத்தை ஒப்படைத்துவிட்டு, அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எதையும் நம்பாதவனாக மாறுவது எளிய காரியம் அன்று. என் உத்தியோகத்துக்கு அருள்நூல்களில் நான் கண்ட முன்மாதிரி ஒன்றே ஒன்றுதான். மண்ணைத் தின்றான் என்று பிறர் சொல்லக் கேட்டு, தான் வளர்த்த பிள்ளையையே பிடித்து நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்ன ஆய்ச்சி. அவள் அந்த வாய்க்குள் உலகங்களைக் கண்டாள். நான் பெரும்பாலும் சாயத்தையும் பழைய எண்ணெயையும் கண்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதிரி எடுப்பதே பாடமாக இருந்தது. உலர்ந்த குப்பியில் நிரப்பி மூடி, தடித்த தாளில் சுற்றி, அதன்மேல் அடையாளச் சீட்டு ஒட்டி, நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்து, கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி தாளிலும் விழும்படி வாங்க வேண்டும். அப்போதுதான் யார் பிரித்தாலும் தெரியும். மரக்கறி மட்டுமே உண்ணும் வீட்டில் பிறந்த நான், மீனை விரலால் படிக்கக் கற்றேன். அழுத்திய குழி நிரம்புகிறதா, செவுளின் நிறம் என்ன, கண் உள்ளே இறங்கியிருக்கிறதா. இன்றுவரை அதன் சுவை எனக்குத் தெரியாது.

வேலையைக் கற்றுக்கொண்டது அந்துவான் என்ற மேலதிகாரியிடம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழைய புதுச்சேரிக் குடும்பத்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். என் நெற்றி நாமத்தைப் பார்த்து முதல் நாளே ‘ஆழ்வாரே’ என்று பெயர் வைத்துவிட்டார். குற்றம் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தால் ‘வுவலா’ என்பார். ‘இதோ பார்’ என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டு நிறம் மாறிய முதலாளிகள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அவர் ஒரு சமையலறைக்குள் நுழைந்தால் முதலில் பேசமாட்டார். கை கழுவும் இடத்தருகே நின்று, அங்கே தொங்கும் துண்டைப் பார்ப்பார். துண்டு நனைந்திருக்கிறதா என்பதுதான் அவர் கவனம். கை கழுவுகிறவர்கள் இருக்கும் இடத்தில் துண்டு உலர்ந்திருக்காது என்பது அவர் கணக்கு. பிறகு குனிந்து, அடுக்குகளில் ஆகக் கீழே உள்ளதைத் திறப்பார். கடைசியாக ஒரு சுத்தமான கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் விட்டு, சமைத்தவரிடமே நீட்டுவார்.

“சாப்டுங்க.”

அவ்வளவுதான். சட்டத்தில் இல்லாத இந்தச் சோதனையைப் பற்றி ஒருமுறை கேட்டேன். “சாப்டறவன் எல்லாம் யோக்கியன்னு அர்த்தமில்ல ஆழ்வாரே. ஆனா சாப்டாதவன்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்” என்றார்.

அதற்கு அவரிடம் சான்றும் இருந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலத்தில் ஒருநாள், பிரெஞ்சுக் காலத் தெரு ஒன்றிலிருந்த உணவகத்துக்குப் போனோம். வெளியூர்க்காரர்கள் நிரம்பி வழியும் இடம். வாசல் பலகையில் ‘இன்று காலை பிடித்த வஞ்சிரம்’ என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது.

“தடைக்காலத்துல இவ்ளோ பெரிய வஞ்சிரம் எங்கேருந்து?” என்றார் அந்துவான்.

“நம்ம கடல் இல்ல சார். கேரளாக் கடல். இன்னிக்குக் காலைல பிடிச்சது” என்றார் முதலாளி.

“அங்கேருந்து மத்தியானத்துக்குள்ள நீந்தியே வந்துச்சா?”

முதலாளி சிரித்துச் சமாளித்தார். அந்துவான் கரண்டியை நீட்டினார். முதலாளி பின்வாங்கினார். “சனிக்கிழமை நான் மீன் தொடறதில்ல சார். விரதம்.”

அந்துவான் என்னைப் பார்த்தார். “இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன் சார்.”

“வியாழனும்தான் சார்” என்றார் முதலாளி.

குளிர்பெட்டியின் அடித்தட்டில், பனி இறுகிக் கல்லாய்க் கிடந்தது அந்த ‘இன்று காலை’ மீன். “வுவலா” என்றார் அந்துவான். அன்றுமுதல், விரதம், பழக்கம், சாமிக்கு நேர்ந்தது என்று எவர் சொன்னாலும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “வியாழக்கிழமை” என்பார்.

இனி அந்த வழக்கு.

கடற்கரைத் திடலில் நடந்த ஒரு விழாவில், மீன் குழம்பு, இறால் தொக்கு, பஜ்ஜி, பிரெஞ்சு ரொட்டி என்று வரிசையாக இருந்த கடைகளுக்கு நடுவே வரதனின் கடையும் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் நெடுங்காலம் சமைத்தவர் அவர். அங்கிருந்து விலகி, மனைவி பத்மாவோடு அரியாங்குப்பத்தில் சிறிய உணவகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதன் பெயர்ப்பலகையில் ‘கோயில் புளியோதரை’ என்று பெரிதாக எழுதியிருந்தது. விழாக் கடையிலும் அதே பெயரில் துணி கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஒரு பிற்பகலில் அவரிடம் வாங்கி உண்டவர்கள் வாந்தி எடுத்தார்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போயிற்று. எல்லாரும் நலமாகத் திரும்பினார்கள் என்பது பின்னால் தெரிந்த செய்தி. அப்போது தெரிந்ததெல்லாம் ‘கோயில் சோற்றில் விஷம்’ என்ற காணொளிதான். நாங்கள் திடலை அடையும் முன்பே அது எங்கள் கைபேசிகளை அடைந்துவிட்டது.

வரதன் மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு அண்டாவின் அருகில் நின்றிருந்தார். நெற்றியில் என்னுடையதைப் போன்றே நாமம். துண்டு நனைந்திருந்தது. கீழடுக்கு சுத்தமாக இருந்தது. அந்துவான் கரண்டியை நீட்டினார்.

“சாப்டுங்க.”

“மாட்டேன் சார்.”

சுற்றி நின்ற கூட்டம் நெருங்கி வந்தது.

“ஏன்?”

“வந்தவங்க எல்லாரும் சாப்ட்டு முடிச்சப்புறம்தான் நான் சாப்டுவேன். அதுவரைக்கும் வாயில வெக்கறதில்ல. பழக்கம் சார்.”

“சமைக்கும்போது உப்பு பாக்க மாட்டீங்க?”

“கை அளவு சார்.”

“மோந்தாவது பாப்பீங்களா?”

“மோந்துடக் கூடாதுன்னுதான் சார் இந்தத் துணியே.”

“தான் ஆக்குனத தானே துன்ன மாட்டேன்றான் பாரு. இன்னா போட்டான்னு அவனுக்குத் தெரியும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். அந்துவான் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “வியாழக்கிழமை” என்றார்.

எனக்கு அந்தப் பழக்கம் தெரியும். மடப்பள்ளியில் சமைப்பவர், பெருமான் அமுது செய்யும் முன் அந்த அன்னத்தின் மணத்தைக்கூடத் தாம் நுகரலாகாது என்று வாயையும் மூக்கையும் கட்டிக்கொள்வார். வரதன் அந்தக் கட்டுப்பாட்டைக் கடைக்கும் கொண்டு வந்திருந்தார். கருவறையில் நின்றவன் இருந்த இடத்தில் இங்கே பசித்து வந்தவர்களை வைத்திருந்தார். இது எனக்குப் புரிந்தது. ஆனால் இவ்வளவு எளிதாகப் புரிந்தது ஏன் என்ற ஐயமும் உடனே எழுந்தது. அந்த வஞ்சிர முதலாளியின் விரதத்தை நான் ஒரு கணமும் நம்பவில்லை. இவருடையதை நம்பத் தோன்றியது. இடையிலிருந்த வேறுபாடு நெற்றியில் மட்டும்தானோ? பக்தியைப் போர்வையாகப் போர்த்திக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பது பக்தர்களுக்கே நன்றாகத் தெரியும்.

மாதிரி எடுத்து முத்திரை வைத்தோம். கடையை மூடினோம். அரியாங்குப்பத்து உணவகத்தையும் மறு உத்தரவு வரை திறக்கக் கூடாது என்றார் அந்துவான். ஆய்வுக்கூட முடிவு வர நாளாகும். ஆனால் முதல் அறிக்கை மறுநாள் மதியமே போயாக வேண்டும். அதில் அவர் எழுதவிருந்த ஒரு வரியைச் சொன்னார்: தம் தயாரிப்பைத் தாமே உண்ண மறுத்தார்.

“சார், அந்த வரி போனா போலீஸ் வேற மாதிரி எடுத்துக்கும். தெரிஞ்சே வித்தார்னு ஆயிடும். மனுஷன் உள்ள போயிடுவார்” என்றேன்.

“நடந்ததத்தானே எழுதறேன்?”

“காரணம் இருக்கு சார்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே மார்க் போட்டிருக்கீங்க. அதனால சொல்றீங்களா, இல்ல நெஜமாவே தோணுதா?”

“எனக்கே தெரியல சார்.”

“அப்ப தெரிஞ்சிக்கிட்டு வாங்க, ஆழ்வாரே. மதியத்துக்குள்ள.”

மறுநாள் காலை, ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பம் போனேன். பூட்டிய கடையின் முன் வரதனும் பத்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நாமத்தைப் பார்த்து உறவு கொண்டாடிவிடக் கூடாது என்று, வேண்டுமென்றே கடுமையாகக் கேட்டேன். நேற்று அந்தப் புளியோதரையை உங்கள் வீட்டில் யார் உண்டீர்கள்?

“யாரும் இல்ல சார். கடைசியா சாப்டலாம்னு இருந்தோம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சி” என்றார் வரதன்.

“ஒருத்தருமே சாப்டல. சௌகரியமான விஷயம்.”

பத்மா எழுந்து நின்றார். “சௌகரியமா? அவர் சாப்பிடாம நான் சாப்டறதில்ல, வந்தவங்க சாப்பிடாம அவர் சாப்டறதில்ல. இந்த வீட்ல எனக்கு சூடா சோறு கெடச்சே வருஷக்கணக்கா ஆவுது சார். இதுல எங்க இருக்கு சௌகரியம்?”

அந்தக் குரலில் இருந்த எரிச்சல் பழக்கப்பட்ட எரிச்சல். ஒரு வழக்குக்காக இரவோடிரவாக உண்டாக்கியது அன்று. முதன்முறையாக என் நம்பிக்கைக்கு நெற்றிக்கு அப்பால் ஓர் ஆதாரம் கிடைத்தது. அரிசி, புளி, எண்ணெய் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டு போனவை. அதே மூட்டையில் மிஞ்சியவை உள்ளே இருந்தன. வெளியிலிருந்து வந்தது தண்ணீர் ஒன்றுதான். விழா நடத்துபவர்கள் ஒவ்வொரு கடைக்கும் நீலநிற டிரம்மில் வைத்த தண்ணீர். கூட்டம் கூடிவிட்டதால், சம்பவம் நடந்த அன்று காலையில்தான் புதிய டிரம்கள் வந்தனவாம்.

தொலைபேசியில் அந்துவானிடம் சொன்னேன்.

“எல்லாக் கடைக்கும் அதே தண்ணி, அதே டிரம். மத்த கடையில சாப்ட்டவன் எல்லாம் நல்லாத்தானே இருக்கான்? தண்ணிக்கு மட்டும் நாமம் தெரியுமா?” என்று வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். கடைகள் இன்னும் திறக்கவில்லை. வரிசையின் பின்புறமாக நடந்தபோது, வரதனின் கடைக்கு அடுத்திருந்த மீன் கடையின் பின்னால், மணலில் ஒரு பெரிய செந்நிறக் கறை தெரிந்தது. குழம்பைக் கொட்டியிருந்தார்கள். மீன் துண்டங்கள் முழுதாகக் கிடந்தன. அருகிலிருந்த குப்பைத்தொட்டியில் காகங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. மீனை ஒன்றுகூடத் தொடவில்லை. கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் மீனைக் காகம் தொடாமல் விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கடை, வீராம்பட்டினத்துச் செல்வி என்ற அம்மாளுடையது. அப்போதுதான் வந்து கூடையை இறக்கினார்.

“நேத்து கொழம்பு எப்படியம்மா இருந்தது?”

“தங்கம் சார். ஒரு சொட்டு மிஞ்சல.”

“பின்னால கொட்டியிருக்கே?”

“அது யார் கொட்னாங்களோ.”

“காக்காகூடத் தொடல.”

செல்வி மணலைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இன்னா சார் பண்றது. காத்தால கொழம்பு கொதிச்சதும் உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்தேன். ஒரே கசப்பு. நாக்கு மரத்துப்போச்சி. சட்டியோட கவுத்துட்டு, கேன் தண்ணி வாங்கி மறுபடி வெச்சேன்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா என் கடையத்தானே மூடுவீங்க? அதுவும் இல்லாம, இந்தப் பக்கத்து பஜ்ஜிக்காரி மேலதான் எனக்கு டவுட்டு. என் கூட்டத்தப் பாத்து வவுறு எரிஞ்சி என் தண்ணியில இன்னாத்தையோ போட்டுட்டான்னு நெனச்சேன். கையும் களவுமா புடிக்கலாம்னு கண்ணு வெச்சிக்கினு இருந்தேன்.”

பஜ்ஜிக் கடை அம்மாளிடம் போனேன். அவரும் மாவைக் கரைத்து விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார். கசந்திருக்கிறது. கடலைமாவு விற்ற கடைக்காரர் பழையதைத் தலையில் கட்டிவிட்டதாக நினைத்து, கொட்டிவிட்டு வேறு மாவு வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று கேன் தண்ணீரில் கரைத்திருக்கிறார். “அந்த மீன்காரம்மா கிட்ட ஏன் சொல்லணும்? திருவிழா பூரா போய்ச் சொல்லும்” என்றார். வரிசை முழுவதும் இதே கதைதான். ஒருவர் மிளகாய்த்தூளைச் சந்தேகித்தார், இன்னொருவர் தம் மருமகளையே சந்தேகித்தார். சமைத்த மற்ற அனைவரும் வாயில் வைத்துப் பார்த்தார்கள், கொட்டினார்கள், எதற்கும் என்று டிரம்மையும் கவிழ்த்துவிட்டுக் கேன் தண்ணீர் வாங்கினார்கள், அடுத்தவர்மேல் ஐயம் கொண்டு வெளியே சொல்லாமல் இருந்தார்கள். வாயில் வைக்காத ஒரே மனிதர் மட்டும் பரிமாறினார்.

உண்டவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்ற ஐயம் மீதி இருந்தது. மருத்துவமனையிலிருந்து அன்று காலை வீடு திரும்பிய ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். “லேசா கசந்துச்சி சார். வெந்தயம் தூக்கலா இருக்கும்னு நெனச்சேன். கோயில் புளியோதரைன்னு போட்டிருந்துச்சா, அப்படித்தான் இருக்கும்னு கண்ணுல ஒத்திக்கிட்டு சாப்ட்டோம்” என்றார்.

வரதன் கடையின் டிரம்மில் பாதிக்குமேல் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதைக் குப்பியில் பிடித்துக் குலுக்கியபோது நுரை எழுந்து, அடங்க மறுத்தது. விழா நடத்திய இளைஞர், “மினரல் வாட்டர் டிரம் சார்” என்றார். மற்றக் கடைகளில் காலியாகக் கிடந்தவற்றில் ஒன்றைக் கவிழ்த்தேன். சுரண்டிய சீட்டின் ஓரத்தில், பளபளக்கும் தரையின் படம் ஒட்டிக்கொண்டிருந்தது. தரை கழுவும் திரவம் வந்த டிரம்கள். அலசினால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மதியத்துக்கு முன் அந்துவானின் மேசைமேல் அந்தக் குப்பியை வைத்துக் குலுக்கினேன். நுரை அடங்குகிறதா என்று பார்த்தார். ‘வுவலா’ என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை அடித்தார். பின்னர் வந்த ஆய்வுக்கூட முடிவும் அதையே சொன்னது. நடவடிக்கை விழா நடத்தியவர்கள்மேல் போயிற்று.

ஆனால் வரதனைக் கூப்பிட்டு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “தப்பு தண்ணியில. ஒத்துக்கறேன். ஆனா மத்தவங்க எல்லாரும் நாக்கால தப்பிச்சாங்க. நீங்க நாக்கைக் கட்டிப்போட்டுட்டீங்க. உங்க கோயில் பழக்கத்துல நான் தலையிட மாட்டேன். கடைன்னா, ஒவ்வொரு சட்டியும் வெளியில போறதுக்கு முன்ன உங்க வாய்க்குப் போகணும். முடியும்னா திறங்க.”

நியாயத்தை மறுக்க இடமில்லை. வரதன், “யோசிச்சு சொல்றேன் சார்” என்று எழுந்தார்.

வராந்தாவில் அவரைத் தொடர்ந்து போய், கனிகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து, இனித்ததை மட்டும் பெருமானுக்குக் கொடுத்த வனத்து மூதாட்டியை நினைவூட்டினேன். எச்சில் என்று அவன் தள்ளினானா?

“அந்த அம்மா வெச்சிருந்தது பழம் சார். அது அவங்க செஞ்சதில்ல. நான் கொடுக்கறது நானே செஞ்சது. நாக்கு பாத்துட்டா அப்புறம் எனக்குப் புடிச்ச மாதிரி செய்ய ஆரம்பிச்சிடுவேன்” என்றார்.

சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சில நாள் கழித்து, திறக்கிறேன், வந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். நானும் அந்துவானும் போனோம். பெயர்ப்பலகையில் ‘கோயில்’ என்ற சொல்லின்மேல் வெள்ளை அடித்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. ‘புளியோதரை’ மட்டும் ஓரமாக நின்றது.

“இதை எடுக்கச் சொல்லி நான் சொல்லலையே” என்றார் அந்துவான்.

“வாயில வெச்சிட்டு அந்தப் பேரைப் போட முடியாது சார். ஜனங்க நம்பி சாப்டறாங்க” என்றார் வரதன்.

அந்தச் சொல்லின்றி எத்தனை பேர் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அண்டாவின்முன் நின்று முகத்துணியை அவிழ்த்தார். கிழக்கு நோக்கி ஒரு கணம் கைகூப்பினார். ஒரு கவளத்தை உள்ளங்கையில் வைத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். நின்றார். இன்னொரு முறை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்துவானின் கை, என்னவோ ஏதோ என்று கரண்டியை நோக்கிப் போயிற்று.

“என்ன?” என்றார்.

வரதன் அவரைப் பார்க்கவில்லை. “உப்பு கம்மியா இருக்கு” என்றார், பத்மாவிடம். “எப்பவும் இப்படித்தான் இருக்குமா?”

“எப்பவும் இப்படித்தான்.”

“கடைசியில சாப்டும்போது பிரசாதம்னு நான் உப்பு பாத்ததில்ல. நீ சொல்லியிருக்கலாம்ல?”

“பெருமாளே இத்தினி வருஷமா ஒண்ணும் சொல்லல” என்றார் பத்மா, உப்பு ஜாடியை நகர்த்திக்கொண்டே. “நான் எங்க போய் சொல்றது?”